ரெண்டு வட்டிக்குப் புத்தகம் போட நினைத்த மகாகவி

(இயந்திரவியல், இரண்டாமாண்டு)

மலர்க்குழு கூடின அன்றைக்கு, இந்த மலரில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் வேணும் என்று முடிவு செய்தார்கள். காமராசரை சிவில் நண்பர் ஒருத்தர் முந்திக்கொண்டு எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சமானது பாரதியார். உடனே பின் பெஞ்சில் ஒரே சிரிப்பு. ஒண்ணாங்கிளாஸிலிருந்து படிக்கிறோமே, இன்னும் அவரைப் பத்தி என்ன பாக்கி இருக்கு என்கிற சிரிப்பு அது. நியாயம்தான். முண்டாசு, மீசை, குருவிக்கு அரிசி போட்டது, கோவில் யானை. இந்த நாலையும் எழுதிவிட்டால் பள்ளிக்கூடத்தில் பத்து மார்க் வாங்கிவிடலாம்.

அந்த நாலையும் நான் இங்கே அதிகம் தொடப்போவதில்லை. பாரதியார் கதையும் எழுதினவர். கதையோ பாட்டோ, எழுதினதை அச்சில் ஏற்ற அவர் பட்ட பாடு இருக்கிறதே, அதைத்தான் எழுதப்போகிறேன். அதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. போன வருஷம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறுகதைப் புத்தகம் போட்டோம். 48 பக்கம், 200 பிரதி. ஆளுக்கு 1,800 ரூபாய். என் பங்குக்குச் சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டுகிற எங்க மாமா கடன் கொடுத்தார். விற்றது 61. மிச்சம் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அப்பா ராஜபாளையத்தில் மில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கிறவர், தினமும் அந்தக் கட்டுகளின் மேலேதான் தூங்குகிறார். படிக்கப்போன பையன் என்னத்தையோ அச்சடிச்சு வச்சிருக்கானே, இதனால் வேலை கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் நூலகத்தில் பாரதியாரின் வாழ்க்கையைத் திரும்பப் படித்தேன். இந்த முறை வேற மாதிரி தெரிந்தது.

சுப்பிரமணியன் என்ற அவர் பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில். அப்போது எட்டயபுரம் திருநெல்வேலி ஜில்லா. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவும் 1910 வரைக்கும் அதே ஜில்லாதான். ஆக, அவர் நம்ம ஜில்லாக்காரர் என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஐந்து வயதில் அம்மா இறந்துபோனார்கள். அப்பா சின்னச்சாமி ஐயரைப் பற்றி நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கிலும் யந்திரங்களிலும் பைத்தியமாக இருந்த மனிதர். எட்டயபுரத்தில் ஒரு பருத்தி ஆலையே வைத்தார். மகனும் இங்கிலீஷ் படித்து, கணக்குப் படித்து, யந்திரத் தொழிலுக்கு வரவேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனுக்கோ கணக்கு ஆகாது. (இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எம்-2 அரியர் ஞாபகம் வந்தது.) ஆலை நொடித்துப்போனது. அந்த அடியிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை. 1898-ல் காலமானார். மில் மூடினால் வீட்டில் என்ன நடக்கும் என்று ராஜபாளையத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதற்கு முந்தின வருஷமே பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மணமகள் செல்லம்மாவுக்கு ஏழு வயசு. பதினொரு வயசிலேயே எட்டயபுரம் அரண்மனைப் புலவர்கள் கொடுத்த பாரதி என்கிற பட்டம் மட்டும் கையில் இருந்தது. அத்தை வீட்டில் தங்கிக் காசியில் படித்தார். திரும்பி வந்து ஜமீன் அரண்மனையில் வேலை பார்த்தார், பிடிக்கவில்லை. 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். அதுவும் தற்காலிகம், மூணு மாசம்தான். அதே வருஷம் மதுரையிலிருந்து வந்த விவேகபானு என்ற பத்திரிகையில் அவருடைய பாட்டு முதன்முதலாக அச்சானது. வயசு 21. அந்த இதழைக் கையில் வாங்கினபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பிறகு சென்னை. ஜி. சுப்பிரமணிய ஐயர் தம்முடைய சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை கொடுத்தார். 1905-ல் பெண்களுக்காக வந்த சக்கரவர்த்தினி என்ற மாதப் பத்திரிகைக்கும் பாரதியாரே ஆசிரியர். அதில்தான் அவர் தொடர்கதை எழுத ஆரம்பித்தார். துளசீபாயி என்கிற ரஜபுத்திரப் பெண்ணின் கதை அது. பாட்டுக்காரர் என்றே கேட்டுப் பழகின நமக்கு இது புதுசாக இருக்கும்.

அவருடைய பாட்டு புத்தகமாக வந்த கதை ரொம்ப விசேஷமானது. அந்தக் காலத்தில் காங்கிரசில் மிதவாதிகள், தீவிரவாதிகள் என்று இரண்டு கட்சி. பாரதியார் தீவிரக் கட்சி. வி. கிருஷ்ணசாமி ஐயர் என்ற பெரிய வக்கீல் மிதவாதக் கட்சி. பாரதியார் எழுத்தில் அவரை வெளுத்து வாங்குகிறவர். அப்படி இருக்க, 1907-ல் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் பாரதியாரைக் கிருஷ்ணசாமி ஐயர் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போனார். அங்கே பாரதியார் உட்கார்ந்து பாடினார். நம்ம பாஷையில் சொன்னால், அது ஒரு வாசிப்புக் கூட்டம். கேட்டவர் ஒரே ஒரு ஆள், அதுவும் எதிர்க்கட்சி. பாட்டைக் கேட்ட கிருஷ்ணசாமி ஐயர், கட்சி பேதத்தை ஓரமாக வைத்துவிட்டு, தம் செலவில் அந்தப் பாட்டுகளைச் சிறு பிரசுரமாக 15,000 பிரதி அச்சடித்து இலவசமாக வழங்க ஏற்பாடு செய்தார். அடுத்த வருஷமே, 1908-ல், ஸ்வதேச கீதங்கள் என்று முதல் புத்தகம் வந்தது.

கடற்கரைக் கூட்டங்களும் அந்த வருஷங்களில்தான். அப்போது மைக் ஏது? சென்னைக் கடல் மணலில் சுதேசிக் கூட்டம் போடுவார்கள். பாரதியார் எழுந்து நின்று அலைச் சத்தத்துக்கு மேலே பாடவேண்டும். புத்தகம் வாங்கக் காசில்லாதவரும், எழுத்தே தெரியாதவரும் பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

நானும் ஒரு தடவை கூட்டத்தில் கதை வாசித்திருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் வட்டம் கூப்பிட்டது. மொத்தம் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் பேப்பர் படிக்க வந்தவர்கள். பாதியில் கரண்ட் போய்விட்டது. செல்போன் வெளிச்சத்தில் மீதியை வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது, ராஜபாளையம் வந்து சேருகிற அந்த அரை மணி நேரமும் யாருடனும் பேசத் தோன்றவில்லை. சரி, என் கதை கிடக்கட்டும்.

1906-லிருந்து பாரதியார் இந்தியா என்ற வாரப் பத்திரிகையை நடத்தி வந்தார். கார்ட்டூன் படங்களெல்லாம் போட்டுச் சூடாக வந்த பத்திரிகை. 1908-ல் அரசாங்கம் பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் கைதாகி ஐந்து வருஷ தண்டனை பெற்றார். நண்பர்கள் வற்புறுத்தியதால் பாரதியார் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய்விட்டார். சீனிவாசன் உள்ளே, இவர் வெளியே. இந்த விஷயம் அவர் மனசை உறுத்தாமல் இருந்திருக்காது என்பது என் எண்ணம். நம்ம பாடப்புத்தகங்கள் இதை வேகமாகத் தாண்டிவிடும்.

அச்சு யந்திரமும் புதுச்சேரிக்கே போய்ச் சேர்ந்தது. பத்திரிகை மறுபடி வந்தது. ஆனால் படிக்கிறவர்கள் எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில் அல்லவா? அரசாங்கம் பத்திரிகையை உள்ளே வரவிடாமல் தடுத்தது. அச்சடிக்கலாம், அனுப்ப முடியாது. இப்படி இருந்தால் எந்தப் பத்திரிகை தாங்கும்? 1910-ல் நின்றுபோனது.

பத்திரிகை நின்ற அந்த 1910-ல்தான் அவர் ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தகம் போடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மனசுக்குள்ளேயே தேரில் ஏறி உலகம் உலகமாகச் சுற்றிவரும் ஞானரதம் என்ற வசனக் கதை. தன் வாழ்க்கையையே பாட்டாகச் சொல்லும் கனவு. அப்புறம் ஆறில் ஒரு பங்கு என்ற சிறுகதை. தமிழில் முதல் சிறுகதை எது என்று விவாதம் வரும்போது, வ.வே.சு. ஐயரின் குளத்தங்கரை அரசமரத்துக்கு முன்னாலேயே வந்தது என்று இதைக் காட்டுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு.

கதை என்னவோ கோவிந்தராஜன், மீனாம்பாள் என்ற இரண்டு பேரின் காதல்தான். ஆனால் தலைப்பு வேறு இடத்தைத் தொடுகிறது. தேசத்து ஜனங்களில் ஆறில் ஒரு பங்கு பேரைத் தீண்டாதவர்கள் என்று ஒதுக்கி வைத்துவிட்டு என்ன சுதந்திரம் வாங்கப்போகிறோம் என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி. புத்தகத்தை அவர் ஜமீன்தாருக்கோ வக்கீலுக்கோ சமர்ப்பணம் செய்யவில்லை. வயலில் இறங்கி உழவு வேலை செய்து சோறு போடுகிற, ஒதுக்கப்பட்ட சாதி மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். 1910-ல்! என் தாத்தாவின் அப்பா அந்தக் காலத்தில் அப்படி வயலில் இறங்கினவர்தான். அவருக்கு எழுத்து தெரியாது. அவரைப் போன்றவர்களுக்கு ஒருத்தர் புத்தகம் சமர்ப்பித்தார் என்பது அவருக்குத் தெரியாமலே போயிருக்கும். நூலகத்தில் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுவருஷம் 1911-ல் சென்னை அரசாங்கம் கனவையும் ஆறில் ஒரு பங்கையும் தடை செய்தது. அதே வருஷம் ஜூன் மாதம்தான் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். அதிலிருந்து புதுச்சேரியில் இருந்த தேசபக்தர்களைச் சுற்றிப் போலீஸ் உளவாளிகள் மொய்த்தார்கள். சின்னச் சங்கரன் கதை என்று ஒரு நகைச்சுவைக் கதை எழுதினார். ஜமீன் தர்பாரையும் அங்கே பல்லைக் காட்டும் புலவர்களையும் கிண்டல் செய்கிற கதை. தான் வேலை பார்த்த இடத்தையே நினைத்து எழுதினார் என்பது படித்தால் தெரிந்துவிடும். அந்தக் கையெழுத்துப் பிரதி புதுச்சேரியிலேயே காணாமல் போனது. பிறகு ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தார், முடிக்கவில்லை. ரெக்கார்டு நோட்டு தொலைந்து மறுபடி முழுசாக எழுதின அனுபவம் உள்ள நண்பர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருக்கு அது ஒரு கதை முழுக்க!

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில் ஒரு சந்தோஷமான சம்பவமும் உண்டு. புதுச்சேரியில் வேணு நாயக்கர் என்பவர் வீட்டுக் கல்யாணம். விருந்து முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்க, சுப்புரத்தினம் என்ற இளம் ஆசிரியர் பாரதியார் பாட்டைப் பாடினார். பாட்டை எழுதினவர் எதிரேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது பாடினவருக்குத் தெரியாது. பின்னாளில் அவர்தான் பாரதிதாசன். தன்னை யாரென்று தெரியாத ஒருத்தர் வாயிலிருந்து தன் பாட்டையே கேட்கிற பாக்கியம் எத்தனை எழுத்தாளருக்குக் கிடைக்கும்?

புதுச்சேரியில் பத்து வருஷம். பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை 1912-ல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் அவர் உயிரோடு இருக்கும்வரை அச்சாகவில்லை. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் பாசுரங்கள் சிலவற்றை இங்கிலீஷில் மொழிபெயர்த்ததும் அங்கே இருந்தபோதுதான். 1917-ல் பரலி சு. நெல்லையப்பர் என்ற இளைஞர் கண்ணன் பாட்டைப் பதிப்பித்தார். அவர் பெரிய பணக்காரர் இல்லை, வ.உ.சி.யின் தொண்டர். பாரதியாரைவிட ஏழு வயசு சின்னவர். எழுதுகிறவருக்குப் பெரிய கம்பெனி கிடைக்காவிட்டாலும் இப்படி ஒரு நெல்லையப்பர் கிடைத்தால் போதும் என்று தோன்றும்.

1918 நவம்பரில் எல்லை தாண்டினதும் கடலூர் அருகே கைது. சில வாரம் சிறை. விடுதலையாகி மனைவியின் ஊரான கடையத்துக்கு வந்தார். அங்கேயும் எட்டயபுரத்திலும் இருந்தபோது வறுமைதான். ஜமீன்தாருக்குப் பாட்டாகவே விண்ணப்பம் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை.

இப்போதுதான் தலைப்புக்கு வருகிறேன். 1920-ல் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் 40 புத்தகமாகப் போடப்போகிறேன், ஒவ்வொன்றும் 10,000 பிரதி, ஆளுக்கு 100 ரூபாயாவது கடன் கொடுங்கள், பத்திரம் எழுதித் தருகிறேன், மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்பது அதன் சாரம். நம்ம ஊரில் சொல்கிற ரெண்டு வட்டி! கணக்குப் போட்டால் நாலு லட்சம் பிரதி. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு தன் புத்தகம் விற்கும் என்று அவர் நம்பினார். கணக்கு வராத பையன் போட்ட கணக்கு என்று முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் வேற ஒன்று தோன்றியது. அவர் கேட்டது தர்மம் இல்லை, கடன். வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்றார். தான் எழுதினது விற்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பணம் சேரவில்லை. திட்டம் அப்படியே நின்றது.

தீப்பெட்டி என்றதும் நமக்குச் சிவகாசி ஞாபகம் வரும். ஆனால் 1920-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்து, 1923-ல்தான் இங்கே ஆரம்பித்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், பட்டாசுக்கு லேபிள் வேணும் என்று அச்சுத் தொழில் பின்னாலேயே வந்தது. இதை மாமாவிடம் சொன்னேன். அவர் மிஷினைத் துடைத்துக்கொண்டே, நாலு லட்சம் பிரதி என்றால் இன்றைக்கு எத்தனை ரீம் பேப்பர் ஆகும் என்று வாய்க்கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

1920 கடைசியில் பாரதியார் மறுபடி சென்னைக்குப் போய்ச் சுதேசமித்திரனில் சேர்ந்தார். அதில் சந்திரிகையின் கதை என்று ஒரு நாவல் எழுதினார். பொதிகை மலை அடிவாரத்தில் வேளாண்குடி என்ற கிராமம். 1901-ல் ஒரு பூகம்ப ராத்திரியில் குழந்தை பிறக்கிறது, பெற்றவர்கள் சாகிறார்கள். குழந்தையைத் தூக்கி வளர்ப்பது விசாலாக்ஷி என்கிற விதவை அத்தை. அந்த அத்தையின் மறுமணம்தான் கதை. கற்பனைப் பாத்திரங்களுக்கு நடுவில் ஜி. சுப்பிரமணிய ஐயரும், ஆந்திராவின் வீரேசலிங்கம் பந்துலுவும் நிஜப் பேரோடேயே நடமாடுவார்கள். நம்ம மலைப்பக்கத்துக் காற்று அடிக்கிற கதை. எனக்கு அவர் பாட்டுகளைவிட இது பிடிக்கும் என்று சொன்னால் தமிழய்யா கோபித்துக்கொள்வார்.

1921 ஜூலை 31. ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலையின் ஆண்டு விழா. வக்கீல் தங்கப்பெருமாள் பிள்ளை அழைத்திருந்தார். ஒரு சின்ன ஊர் நூலகம். பாரதியார் அங்கே போய்ப் பேசினார், பாடினார். பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனிதனுக்கு மரணம் கிடையாது என்பது. அதைப் பற்றிச் சுதேசமித்திரனில் உற்சாகமாக எழுதியும் இருக்கிறார். அதற்கு முன்னமேயே திருவல்லிக்கேணி யானை சம்பவம் நடந்துவிட்டது. ஈரோட்டிலிருந்து வந்து சில வாரத்தில் வயிற்றுக்கடுப்பில் படுத்தார். செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி உயிர் பிரிந்தது. 39 வயசு நிரம்பவில்லை. சுடுகாட்டுக்குப் போனவர்கள் இருபது பேர்கூட இல்லை என்று சொல்வார்கள். சந்திரிகையின் கதை பாதியில் நின்றது.

அடுத்து வந்த பதிப்பாளர் செல்லம்மாதான். ஏழு வயசில் கல்யாணமாகி, கணவர் பின்னால் ஊர் ஊராக அலைந்து, அடுப்பில் என்ன வைப்பது என்று கவலைப்பட்டே காலம் கழித்தவர். அவர் தம் சகோதரர் துணையோடு பாரதி ஆச்ரமம் என்று ஆரம்பித்து, 1922-லேயே ஸ்வதேச கீதங்களை அச்சிட்டு வெளியிட்டார். யாரும் இதைப் பெரிசாகச் சொல்வதில்லை. பின்னர் பாரதி பிரசுராலயம் அந்த வேலையைத் தொடர்ந்தது. 1928-ல் அரசாங்கம் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தபோது சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து எதிர்த்தார். 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கி, பிறகு பொதுச்சொத்து ஆக்கியது. 1957-ல் சக்தி காரியாலயம் வை. கோவிந்தன், கவிதைகள் முழுவதையும் ஒன்றரை ரூபாய்க்கு மலிவுப் பதிப்பாகப் போட்டார். பாரதியார் ரெண்டு வட்டிக்குக் கடன் கேட்டு 37 வருஷம் கழித்து!

இந்தக் கட்டுரையை எழுதிவிட்டு ஒரு ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், பேர் எழுதப் படிக்கத்தான் தெரியும். செல்லம்மா வருகிற இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். சைக்கிளை எடுக்கும்போது, கட்டிலுக்கு அடியில் இருப்பதில் ஒரு பத்து புத்தகத்தைப் பையில் போடச் சொன்னார். மில் டீக்கடையில் கொடுத்துப் பார்ப்பாராம். விலை ஐம்பது ரூபாய் என்றேன். ரொம்ப ஜாஸ்தி, நாற்பது போடு என்றார்.